முகாம் மைதானத்துக்கு வளைந்த கூரை நிழற்கூடம்: என் 11 மாத அனுபவம்

சிறிய முகாம் மைதானம் ஒன்றைப் பார்த்துக்கொள்வது என் வேலை. கூடாரம் அடிக்க இருபது இடங்கள், நடுவே ஒரு புல்வெளி, அதில் எல்லாரும் கூடி உட்கார ஒரு பொது இடம். அந்தப் பொது இடத்துக்கு மேலே பல வருடமாக ஒரு தார்பாய்தான் இருந்தது. காற்றடிக்கும் மாதங்களில் அது கிழியும், நான் தைப்பேன், மறுபடி கிழியும். ஒரு நாள் இரவு அது மொத்தமாகப் பிய்ந்து, கட்டியிருந்த இரும்புக் குழாயோடு போய்ப் பக்கத்துக் கூடாரத்தின் மேல் விழுந்தது. நல்லவேளை, உள்ளே யாரும் இல்லை. இரண்டு குழந்தைகளோடு வந்த குடும்பம் அது. அவர்கள் வெளியே போய்விட்டுத் திரும்பி வரத் தாமதமாகியிருந்தது. அரை மணி நேரம் முன்னால் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து நினைத்து அன்று இரவு நான் தூங்கவே இல்லை. காலையில் முதல் வேலையாக முடிவெடுத்தேன்: இனி துணி வேண்டாம், இரும்புத் தூணும் தகட்டுக் கூரையுமாக நிரந்தரமாக ஒன்று போட்டுவிட வேண்டும்.

தொழிற்சாலையிலேயே வெட்டி, வளைத்து, துளை போட்டு, துத்தநாகம் பூசி, லாரியில் அனுப்பிவிடுகிற தயார்நிலை நிழற்கூடங்கள் கிடைக்கின்றன. இடத்துக்கு வந்ததும் போல்ட் போட்டு இணைத்தால் போதும், வெல்டிங் வேண்டாம் என்பதுதான் அவற்றின் பெரிய கவர்ச்சி. நான் தேர்ந்தெடுத்தது 6 மீட்டர் அகலம், 9 மீட்டர் நீளம், ஆறு தூண், வில் போல வளைந்த கூரை. ஆறு வாரத்தில் வேலை முடியும் என்று நம்பினேன். முடிய 11 மாதம் ஆனது. முதலில் கையில் வந்த குவட்டேஷனை 100 என்று வைத்துக்கொண்டால், கடைசியில் நான் செலவழித்தது 180. அந்த 80-இல் பெரும்பகுதி எப்படியும் வந்திருக்க வேண்டிய செலவுதான், எனக்குத்தான் முன்கூட்டித் தெரியவில்லை. ஆனால் 20-க்கு மேல் முழுக்க முழுக்க வீண். கேட்பதற்கு ஒரு ஆள் இருந்திருந்தால் மிச்சமாகியிருக்கும். இதை வாங்கப்போகிற இன்னொருவருக்கு நான் அந்த ஆளாக இருந்துவிட்டுப் போகிறேன் என்றுதான் எழுதுகிறேன்.

வளைந்த கூரையை எடுத்தது அழகுக்காக மட்டும் இல்லை. இரண்டு பக்கம் சரிந்த கூரையில் உச்சியில் ஒரு மூட்டு வரும், அதற்கு மேலே ஒரு மூடி வரும், பெரும்பாலும் ஒழுகுவது அங்கேதான். வளைந்த கூரையில் ஒரே தகடு இந்த ஓரத்திலிருந்து உச்சியைத் தாண்டி அந்த ஓரம் வரை போய்விடும். இது புதிய யோசனையும் இல்லை. நெளிதகட்டுக்கு 1829-இல் காப்புரிமை வாங்கிய ஹென்றி ராபின்சன் பாமர், லண்டன் துறைமுகத்தில் முதன்முதலாகப் போட்டதே வளைந்த கூரைதான். தகட்டை நெளித்தாலே அதற்கு விறைப்பு வருகிறது. நெளித்ததை வில்லாகவும் வளைத்தால் இன்னும் வருகிறது. முதல் உலகப் போரில், 1916-இல், பீட்டர் நிசென் என்ற பொறியாளர் படைவீரர்களுக்காக வடிவமைத்த அரை உருளைக் குடிசைகளும் இதே தத்துவம்தான். இதையெல்லாம் படித்துவிட்டு நான் முழு நம்பிக்கையோடு ஆர்டர் கொடுத்தேன். கூரையைப் பொறுத்தவரை அந்த நம்பிக்கை வீண் போகவில்லை. இன்று வரை ஒரு சொட்டு ஒழுகவில்லை. நான் அடிபட்டதெல்லாம் கூரைக்குக் கீழேயும் பக்கத்திலும்தான்.

முதல் அடி குவட்டேஷனிலேயே இருந்தது. அதில் போட்டிருந்த தொகை பொருளுக்கு மட்டும். அஸ்திவாரம், மண் பரிசோதனை, நம் இடத்தின் காற்று வேகத்துக்கு ஏற்ற பொறியாளர் கணக்கு, லாரியிலிருந்து இறக்குவது, தூக்கி நிறுத்துவது, தரைக் காங்கிரீட், மழைநீர்த் தடுப்பு, எதுவும் அதில் இல்லை. "இல்லை" என்று அவர்கள் மறைக்கவும் இல்லை. கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு பத்தி இருந்தது. நான் படத்தையும் தொகையையும் பார்த்தேன், அந்தப் பத்தியைப் பார்க்கவில்லை. நீங்கள் செய்ய வேண்டியது எளிது. விற்பவரிடம் "இதில் என்னென்ன இருக்கிறது" என்று கேட்காதீர்கள். "தரை வெறும் புல்லாக இருக்கிற நிலையிலிருந்து, மக்கள் வந்து கீழே உட்காருகிற நிலை வரைக்கும் நடக்க வேண்டிய வேலைகளை வரிசையாக எழுதுங்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே நீங்கள் செய்கிறீர்களா, நான் செய்ய வேண்டுமா என்று எழுதுங்கள்" என்று கேளுங்கள். எழுத்தில் வாங்குங்கள். முதல் கேள்விக்கு அழகான பதில் கிடைக்கும், இரண்டாவதற்கு உண்மையான பதில் கிடைக்கும்.

அடுத்து அஸ்திவாரம். பொறியாளர் கணக்குப் போட்டுக் கொடுத்த குழி ஒவ்வொன்றும் 1.2 மீட்டருக்கு 1.2 மீட்டர், ஆழம் 1 மீட்டர். மேஸ்திரி வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இவ்வளவு பெரிய குழி எதுக்கு தம்பி? மேல இருக்கிறது வெறும் தகடுதானே?" என்றார். சத்தியமாக எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பொறியாளரிடம் போய், குழியைப் பாதியாகக் குறைக்க முடியுமா என்று கேட்டேன். அவர் பொறுமையாக விளக்கினார். வீட்டுக்கு அஸ்திவாரம் என்றால் எடையைக் கீழே தாங்குவதற்கு. சுவரில்லாத நிழற்கூடத்துக்கு அஸ்திவாரம் என்றால் அது மேலே பறந்துவிடாமல் பிடித்து வைப்பதற்கு. வினாடிக்கு 40 மீட்டர், அதாவது மணிக்கு 144 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கிற காற்றின் அழுத்தம் ஒரு சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட 100 கிலோ எடைக்குச் சமம். கூரை 54 சதுர மீட்டர். அதில் எவ்வளவு பங்கு மேல்நோக்கி இழுக்கும் என்பது வடிவத்தையும் காற்றின் திசையையும் பொறுத்தது, ஆனால் டன் கணக்கில்தான் இருக்கும். காற்று வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும். நிழற்கூடத்தின் மொத்த எடையே இரண்டு டன்னுக்குக் கொஞ்சம் மேல்தான். ஒரு கன மீட்டர் காங்கிரீட் சுமார் 2,400 கிலோ, ஆகவே ஒரு குழிக்கு ஏறக்குறைய மூன்றரை டன், ஆறு குழிக்கும் சேர்த்து 20 டன். மேலே நிற்பதைப் போலப் பத்து மடங்கு மண்ணுக்குள் இருக்கிறது. கிழிந்து பறந்த அந்தத் தார்பாய் என் கண் முன்னால் வந்தது. அதற்கப்புறம் குழியின் அளவைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

தோண்டும்போது ஒரு பழைய தண்ணீர்க் குழாய் குறுக்கே வந்தது, இரண்டு நாள் போனது. மண்ணுக்குள் என்ன போகிறது என்று கடப்பாரை போடும் முன்னால் விசாரித்துவிடுங்கள், அவ்வளவுதான். அதைவிடப் பெரிய தப்பு ஆங்கர் போல்ட்டில் நடந்தது. தூணின் அடியில் ஒரு சதுரத் தகடு இருக்கும், அதில் நான்கு துளை. காங்கிரீட்டிலிருந்து மேலே நீட்டிக்கொண்டிருக்கும் நான்கு போல்ட்டுகள் அந்தத் துளைகளில் அப்படியே போய் உட்கார வேண்டும். போல்ட்டை விடத் துளை சில மில்லிமீட்டர்தான் பெரிது. நாங்கள் போல்ட்டுகளைக் கம்பியால் கட்டி நிறுத்திவிட்டுக் காங்கிரீட் ஊற்றினோம். காங்கிரீட்டை அதிரவைத்து இறுக்குகிற வைப்ரேட்டர் போடும்போது இரண்டு குழிகளில் போல்ட்டுகள் நகர்ந்திருக்கின்றன. யாரும் கவனிக்கவில்லை. நானும் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

கிரேன் வந்த அன்று காலை நான்கு தூண்கள் அழகாக உட்கார்ந்தன. ஐந்தாவது தூண் கிரேனில் தொங்கியபடி மெதுவாக இறங்கியது. நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் போல்ட் துளைக்குள் போனது, இரண்டாவது போனது, மூன்றாவது போல்ட்டின் தலை தகட்டின் விளிம்பில் தட்டி ஒரு சின்ன சத்தம் கேட்டது. "டங்". அவ்வளவுதான். மேலே இழுத்து, திருப்பி, மறுபடி இறக்கினார்கள். மறுபடியும் "டங்". அளந்து பார்த்தால் 22 மில்லிமீட்டர் விலகல். ஆறாவதில் 15. என் இரண்டு விரல் அகலம் கூட வராத இடைவெளி, அதற்காகக் கிரேன் நின்றுபோய், ஆட்கள் எல்லாரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெல்டர் மட்டும் தைரியம் சொன்னார்: "கேஸ் கட்டிங் வெச்சு ஓட்டையைக் கொஞ்சம் இழுத்துவிட்டா உக்காந்துடும் தம்பி." சரி என்று சொல்ல எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்று சொல்லி முடியாது. அந்த நிமிடத்தில் சரி என்று சொன்னால் அன்று மாலையே கூரை ஏறிவிடும். "வேணாம் அண்ணே, முதல்ல இன்ஜினியர்கிட்ட கேட்டுக்கறேன்" என்றேன். அவர் போனிலேயே கூடாது என்று சொல்லிவிட்டார். துளையைப் பெரிதாக்கினால் நட் உட்காரத் தகடு போதாது. காற்று மேலே இழுக்கும்போது எந்த இடத்தில் முழு பலமும் வேண்டுமோ சரியாக அந்த இடத்தில் பலவீனம் வந்துவிடும். வெட்டிய இடத்தில் துத்தநாகப் பூச்சும் கருகிப்போய்த் துரு பிடிக்கும். புதிதாகத் துளையிட்டு ரசாயனப் பசையில் போல்ட் பதிக்கலாமா என்று பார்த்தோம். பழைய போல்ட்டுக்கு மிக அருகில் வருவதால் அதுவும் ஆகவில்லை. இரண்டு குழிகளையும் உடைத்து மறுபடி ஊற்றினோம்.

காங்கிரீட் அதன் முழு பலத்துக்கு வர 28 நாள் கணக்கு. அது முடிந்தபோது கிரேன்காரருக்கு வேறு வேலை, பொருத்துகிற ஆட்களுக்கு வேறு ஊர். இரண்டு மாதத்துக்கு மேல் போய்விட்டது. உடைத்தது, ஊற்றியது, கிரேன் சும்மா நின்றதற்குக் கொடுத்தது எல்லாம் சேர்த்து, 100-க்கு 13 அங்கேயே போனது. இதில் எனக்கு இன்னமும் ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. போல்ட்டுகளைச் சரியான இடத்தில் பிடித்து நிறுத்தும் இரும்பு டெம்ப்ளேட்டை நிறுவனமே முன்கூட்டி அனுப்பியிருக்கும். தனிக் கட்டணத்தில் கிடைக்கும் பொருள்களின் பட்டியலில் அது ஒரு வரியாக இருந்திருக்கிறது. விலையும் அற்பம். யாரும் அதைச் சுட்டிக்காட்டவில்லை. ஆகவே, டெம்ப்ளேட் இல்லாமல் காங்கிரீட் ஊற்ற விடாதீர்கள். இரும்பில் கிடைக்காவிட்டால் தடித்த பிளைவுட்டிலாவது இறுதி வரைபடத்தின் அளவுக்குத் துளை போட்டு, போல்ட்டுகளை மேலும் கீழும் நட் போட்டு இறுக்கி, அதன் பிறகு ஊற்றுங்கள். ஊற்றிய உடனே, காங்கிரீட் இளகியிருக்கும்போதே, நான்கு போல்ட்டுகளையும் ஒருமுறை அளந்துவிடுங்கள். அந்தப் பத்து நிமிடத்தில் நகர்த்திவிடலாம். மறுநாள் என்றால் சுத்தியல்தான்.

இந்தத் தாமதம் அடுத்த இழப்பைக் கொண்டுவந்தது. தகடுகள் எல்லாம் கட்டாக, பிளாஸ்டிக் உறை சுற்றி, லாரியில் வந்து இறங்கியிருந்தன. வளைந்த தகடுகள் என்பதால் கட்டு பார்க்கவே தொட்டில் போல இருந்தது. உறை பத்திரமாக இருக்கிறது, மழை போகாது என்று நினைத்து அப்படியே புல்வெளியில் விட்டுவிட்டேன். நாற்பது நாள் கழித்துப் பிரித்தபோது நடுத் தகடுகளில் சாம்பலும் கறுப்புமாகத் திட்டுத் திட்டாகக் கறை. துடைத்தால் போகவில்லை. உறைக்குள் புகுந்த ஈரமும், இரவில் உள்ளேயே வேர்க்கும் ஈரமும் வெளியேற வழியில்லாமல் இரண்டு தகடுகளுக்கு நடுவே மெல்லிய படலமாக நின்றிருக்கிறது. அலுமினியமும் துத்தநாகமும் கலந்த பூச்சு காற்று பட்டால் தன்னைத் தானே காத்துக்கொள்ளும். காற்றில்லாமல் ஈரத்தோடு அடைபட்டால் அந்தப் பூச்சே கெட்டுப்போகும். வெறும் துத்தநாகம் பூசிய தகடாக இருந்தால் இதே கறை வெள்ளையாக, மாவு போல வரும். தொட்டில் போல வளைந்த கட்டில் தண்ணீர் நடுவிலேயே தேங்கியது இன்னும் மோசமாக்கிவிட்டது. நான்கு தகடுகளை மாற்ற வேண்டியிருந்தது, நிறுவனம் பொறுப்பேற்கவில்லை. இறக்கிய பின் பத்திரப்படுத்துவது வாங்கியவர் கடமை என்று ஒப்பந்தத்திலேயே இருந்தது. உடனே பொருத்தப் போவதில்லை என்றால் உறையைப் பிரித்து, தரையிலிருந்து உயர்த்தி, தகடுகளுக்கு நடுவே குச்சி கொடுத்து, ஒரு பக்கம் சாய்வாக, கூரைக்கு அடியில் வையுங்கள். லாரி வந்த அன்றே எண்ணிப் பாருங்கள். நசுங்கியதும் குறைந்ததும் ரசீதில் எழுதப்படாமல் கையெழுத்துப் போடாதீர்கள். எனக்கு ஒரு பெட்டி போல்ட் குறைவாக வந்திருந்தது, அதை ஒரு மாதம் கழித்துக் கண்டுபிடித்து நிரூபிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

பொருத்தும் வேலை நான்கு நாள்தான், அதுவே இந்த மொத்தக் கதையிலும் எனக்குச் சந்தோஷமான பகுதி. வில் ஒவ்வொன்றாக ஏறும்போது மைதானத்தில் தங்கியிருந்தவர்கள் எல்லாரும் வந்து நின்று பார்த்தார்கள். இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. போல்ட்டுகளை முதலில் கைக்குத் தாங்குகிற அளவுக்கு மட்டும் முடுக்கி, முழுச் சட்டமும் நின்ற பிறகு இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து, சமமாக்கி, அப்புறம்தான் முழுதாக இறுக்க வேண்டும். எங்களுக்கு 14 மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தது, தளர்வாக இருந்ததால் ஒரு மணி நேரத்தில் சரி செய்தோம். இன்னொன்று கிரைண்டர். தகட்டின் ஓரம் ஒரு இடத்தில் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று ஒரு பையன் கூரை மேலேயே கிரைண்டர் வைத்து வெட்டிவிட்டான். பொறி பறந்தது அழகாகத்தான் இருந்தது. ஒரு வாரத்தில் அந்தப் பக்கம் முழுக்க மிளகு தூவியது போலப் பழுப்புப் புள்ளிகள். ஒவ்வொன்றும் சூடாக வந்து பூச்சில் ஒட்டிக்கொண்ட இரும்புத் துகள், அது துருப்பிடிக்கிறது. வெட்ட வேண்டுமானால் கீழே இறக்கி, தகடு வெட்டும் கத்தரியால் வெட்டச் சொல்லுங்கள். ஸ்குரூ போட்ட துளையிலிருந்து விழும் சுருள்களையும் அன்றன்று மாலை மென்மையான துடைப்பத்தால் பெருக்கச் சொல்லுங்கள். தகட்டில் குறி போட பென்சில் வேண்டாம், அதன் கரிக்கோடு அலுமினியப் பூச்சை அரிக்கும், மார்க்கர் போதும். ஸ்குரூவின் ரப்பர் வாஷர் தட்டையாகப் படிந்தால் போதும், வெளியே பிதுங்கினால் அளவுக்கு மீறி முடுக்கியாயிற்று என்று அர்த்தம், சில வருடங்களில் அங்கேதான் வெடிக்கும்.

இவ்வளவும் கடந்து, நிழற்கூடம் நின்று, மேசை பெஞ்செல்லாம் போட்ட பிறகு வந்ததுதான் எனக்கு மிகப்பெரிய ஏமாற்றம். முதல் சனிக்கிழமை மாலை 4 மணிக்கு மேல் போய்ப் பார்க்கிறேன், மூன்று குடும்பங்கள் நிழற்கூடத்துக்கு வெளியே, கிழக்குப் பக்கப் புல்லில் பாயை விரித்து உட்கார்ந்திருக்கிறார்கள். மேசைகள் காலி. மேசை மேல் வெயில் பளீரென்று அடிக்கிறது. நிழல் மொத்தமும் புல்வெளிக்குப் போய்விட்டது. ஒரு பாட்டி என்னைக் கூப்பிட்டு, "மேசைய இங்க தூக்கிப் போட முடியுமாப்பா?" என்று கேட்டார். முடியாது, அவை காங்கிரீட்டில் பதித்த மேசைகள். அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதுவிடலாம் போலிருந்தது. இத்தனை மாதமும் கூரையைப் பற்றி யோசித்தேனே தவிர நிழல் எங்கே விழும் என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை.

கணக்கு சின்னக் கணக்குதான். மேசை மட்டத்திலிருந்து கூரையின் ஓரம் எங்களுக்கு 2.5 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சூரியன் 45 பாகை உயரத்தில் இருக்கும்போது நிழல் அதே 2.5 மீட்டர் விலகும். 30 பாகைக்கு இறங்கினால் விலகல் 1.7 மடங்கு, அதாவது சுமார் 4.3 மீட்டர். கூடத்தின் அகலமே 6 மீட்டர். அந்த அகலத்தைக் கிழக்கு மேற்காக வைத்து, நீளத்தை வடக்கு தெற்காகப் போட்டது நான்தான், பாதையிலிருந்து பார்க்க அழகாக இருக்கும் என்பதற்காக. ஆகவே மாலையில் எனக்கு மிஞ்சுவது மேற்கு ஓரம் முழுக்க வெயிலாகி, கிழக்கு ஓரமாக 1.7 மீட்டர் அகலத்துக்கு ஒரு பட்டை. நீளவாட்டைக் கிழக்கு மேற்காக வைத்திருந்தால் கூரைக்கு அடியில் இதைவிட அதிக நிழல் மிஞ்சியிருக்கும். வளைந்த கூரைக்கு இன்னொரு சங்கடம் உண்டு: அதன் இரண்டு முனைகளிலும் நடுப்பகுதி உயரமாகத் திறந்திருக்கும், அந்த வழியாக வெயில் இன்னும் ஆழமாக உள்ளே வரும். உயரமான கூரை காற்றோட்டத்துக்கு நல்லது, பார்க்கக் கம்பீரம், ஆனால் உயர உயர நிழல் தள்ளிப்போகும். கடைசியில் மேற்குப் பக்கம் முழுக்க இடைவெளி விட்ட மரச்சட்டத் தட்டி வைத்தேன், காற்று தாராளமாகப் போகும் அளவுக்கு. அதையும் பொறியாளரைக் கேட்டுத்தான் வைத்தேன், பக்கத்தில் எதை அடைத்தாலும் தூண் மேல் காற்றின் சுமை கூடும். அதற்கு அப்பால் மரக்கன்றுகள் நட்டிருக்கிறேன். அவை உதவ இன்னும் வருடங்கள் ஆகும்.

தண்ணீர் விஷயமும் சொல்லிவிடுகிறேன். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் என் கூரையில் 2,700 லிட்டர். வளைந்த கூரையில் அது இரண்டே ஓரங்களில்தான் விழும், பக்கத்துக்கு 1,350 லிட்டர், அதுவும் வளைவின் அடியில் சரிவு அதிகம் என்பதால் வேகமாக. முதல் பெருமழையில் இரண்டு ஓரமும் முழங்கை ஆழத்துக்கு வாய்க்கால் போல அரித்துவிட்டது, தெறித்த சேறு தூண்களின் அடியில் அப்பிக்கொண்டது. தூணில் துரு ஆரம்பிப்பது பெரும்பாலும் அந்த ஒரு சாண் உயரத்தில்தான். பூச்சு பற்றிப் பேசும்போது அந்த இடத்தை மனதில் வைத்துக் கேளுங்கள். 6 மில்லிமீட்டருக்கு மேல் தடித்த எஃகை உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுப்பதற்கு ஐ.எஸ்.ஓ. 1461 என்ற சர்வதேசத் தரம் சராசரியாக 85 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பூச்சு கேட்கிறது. உங்கள் தூணுக்கு எத்தனை மைக்ரான் என்று எழுத்தில் வாங்குங்கள். தண்ணீர் விழும் கோட்டில் அரை மீட்டர் அகலத்துக்கு ஜல்லி கொட்டி, அடியில் துளையிட்ட குழாய் போட்டுத் தண்ணீரைத் தள்ளிக் கொண்டுபோய் விட்டேன். தரை போடும்போதே செய்திருந்தால் பாதிச் செலவு.

மேகமில்லாத இரவுகளுக்குப் பிறகு விடியற்காலையில் கூரையின் அடிப்பக்கத்திலிருந்து சொட்டுச் சொட்டாக விழும். ஒழுகுகிறது என்று பயந்து ஏணி போட்டு ஏறினேன். ஒழுகல் இல்லை, பனி. தகடு வானத்தைப் பார்த்துக் குளிர்ந்து, சுற்றியிருக்கும் காற்றைவிடச் சில்லென்று ஆகி, அடியிலும் ஈரம் பிடிக்கிறது. உச்சிப் பகுதி கிட்டத்தட்ட மட்டமாக இருப்பதால் அங்கே வழிந்து போகாமல் நேராகச் சொட்டுகிறது. அடிப்பக்கம் ஈரம் உறிஞ்சும் மெத்தை ஒட்டிய தகடுகளும் கிடைக்கின்றன. மழைச் சத்தமும் அதனால் குறையும் என்கிறார்கள். விடியலில் அந்த இடத்தை யாராவது பயன்படுத்துவார்கள் என்றால் ஆர்டர் கொடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள், பின்னால் ஒட்டுவது கஷ்டம்.

ஒன்றை மட்டும் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன். ஒரு நாள் இடி மின்னலோடு மழை வந்தபோது மைதானத்தில் இருந்த அத்தனை பேரும் ஓடி வந்து நிழற்கூடத்துக்குள் நின்றார்கள். சில பிள்ளைகள் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள். பெரிய இரும்புக் கூரை, உறுதியான தூண், பாதுகாப்பு என்று யாருக்கும் தோன்றும். சுவரில்லாத கூரை மின்னலுக்குப் பாதுகாப்பே இல்லை. மின்னல் தூணிலிருந்து பக்கத்தில் நிற்பவர் மேல் தாவலாம், தரை வழியாகவும் பரவலாம். நான்கு பக்கமும் சுவர் உள்ள கட்டடம், அல்லது கண்ணாடியை ஏற்றி மூடிய, உலோகக் கூரை உள்ள வண்டி, இவைதான் போக வேண்டிய இடம். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும்வரை வெளியே வரக்கூடாது. அன்று எல்லாரையும் விரட்டி அலுவலகக் கட்டடத்துக்குள் அனுப்பினேன், சிலருக்கு என் மேல் கோபம்கூட. மறுநாளே எல்லாத் தூணிலும் கண் மட்டத்தில் பலகை மாட்டினேன். நிழற்கூடம் போடுகிற யாரும் அந்தப் பலகையையும் சேர்த்தே ஆர்டர் கொடுங்கள்.

இப்போது மைதானத்தின் மறுகோடியில் இரண்டாவது நிழற்கூடம் போட அனுமதி கிடைத்திருக்கிறது. இந்தத் தடவை நிறுவனத்துக்குப் போன் செய்யும் முன்னால் நான்கு நீளக் கம்புகளை நட்டு, கூரை ஓரம் வரப்போகிற உயரத்தில் கயிறு கட்டி, பழைய தார்பாயில் மிஞ்சியிருந்த துண்டை அதன் மேல் விரித்திருக்கிறேன். காற்று எழுந்தால் உடனே அவிழ்த்துவிடுகிறேன். காலை 9, மதியம் 12, மாலை 3, மாலை 5 என்று நாளுக்கு நான்கு முறை போய், நிழலின் ஓரத்தில் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டுவிட்டு வருகிறேன். நேற்று 5 மணிக் கோடு, மேசை போட நினைத்திருந்த இடத்துக்கு மூன்று எட்டு தள்ளி விழுந்திருந்தது. கம்புகளைக் கொஞ்சம் திருப்பி நட்டிருக்கிறேன், இன்னும் இரண்டு வாரம் பார்க்கப்போகிறேன்.